நீங்களே பாத்துக்கோங்க

புகார்ப் பிரிவில் அவளுக்குக் கிடைத்தது ஜன்னலோர நாற்காலி. கூடவே, படிக்காத மெயில் பதினோராயிரம்.

அந்த நாற்காலியில் முன்பு இருந்த கிளார்க், எந்நேரமும் தலைவலித் தைலம் தடவியபடியே வேலை பார்த்து, பட்டப்பகலில் கீபோர்டு மேலேயே தலைசாய்த்துப் போய்ச் சேர்ந்தவர்.

"பொறுப்பு ஒப்படைக்காமப் போன மனுஷன்" என்றாள் பக்கத்து சீட் டைப்பிஸ்ட் அக்கா. "பழசை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல தள்ளிடு. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வந்ததை மட்டும் பாரு. இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிடும்."

நல்ல யோசனைதான். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே! ஒன்றுக்குப் பதில் போட்டால் மூன்று வந்து நின்றன. ஐந்துக்குக் கிளம்ப வேண்டியவள் தினமும் எட்டுக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். பதினோரு வயது மகள் வீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளைக்குப் போன் கிடையாது. ஆபீஸிலிருந்து அம்மா போடும் மெயிலுக்காகப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட்டையே பார்த்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்காவது வெளிச்சம் இருக்கும்போதே வருவதாக மகளிடம் சத்தியம் செய்திருந்தாள் இவள்.

மூன்று மணிக்கு ஏ.சி. சத்தம் நின்றது. எங்கிருந்தோ தலைவலித் தைல வாசனை வந்தது.

அவள் தொடாமலே ஒரு மெயில் திறந்தது. பதில் போனது. அடுத்தது திறந்தது.

விசைகள் தாமாகவே அமுங்கி எழுந்தன.

பயப்பட வேண்டியவள்தான். அதற்குக்கூடத் தெம்பில்லை.

"சார்," என்று கிசுகிசுத்தாள். "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கோங்க."

விசைகள் கொஞ்சம் நின்றன. பிறகு வேகமெடுத்தன.

ஐந்தடிக்கும்போது படிக்காத மெயில் ஒன்றுகூட இல்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். வாசலில் இன்னும் வெயில் இருந்தது.

"கண்ணு, அம்மா வந்துட்டேன். கதவைத் திற."

காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"நீங்க யாரு?"

"என்னடி விளையாட்டு? அம்மாதான்டி!"

"எங்கம்மா இன்னும் வரலை." குரல் நடுங்கியது. "இப்பதான் மெயில் போட்டாங்க."

அவசரமாகப் போனை எடுத்தாள். அவள் முகவரியிலிருந்து மகளுக்கு, இரண்டு நிமிடம் முன்னால் ஒரு மெயில் போயிருந்தது:

'வாசல்ல ஒருத்தி என் குரல்லயே கூப்பிடுவா. திறக்காதே கண்ணு. நான் பின்பக்கமா வந்துட்டேன்.'

"வேண்டாம்டி!" என்று கதவில் ஓங்கி அறைந்தாள்.

காலடிச் சத்தம் உள்ளே ஓடியது.

பின்கதவின் தாழ்ப்பாள் விலகியது.