பாறையில் பேர் உள்ளவர்கள்

வாசலில் நின்ற காவல்பொறி ஒச்சப்பனின் உடம்பு வாசனையை வழித்தெடுத்துக் குப்பியில் அடைத்தது. திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். பிறகு தலைமுடி தவிர உடம்பு முழுக்கத் தோலுறையைப் பீய்ச்சியது. மெல்லிய படலம்தான். ஆனால் அது மேலே இருந்தால் மண்ணை மிதித்தாலும் தடம் விழாது, தண்ணீரைத் தொட்டாலும் ஈரம் தெரியாது. பூமியில் மிச்சமிருந்த ஒரே காட்டாறு இந்தச் செம்பாறை மலையிடுக்கில்தான் ஓடியது. அதனால் இத்தனை கெடுபிடி.

வயசெல்லாம் நிலாச் சுரங்கத்தில் பாறை துளைத்தவன் ஒச்சப்பன். அங்கே தண்ணீர் குழாயில் சொட்டும். ஓடுகிற தண்ணீரை அவன் கண்டதில்லை. ஒரே ஒரு தடவை வெறுங்கையை ஆற்றில் விட வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லியே மனைவி சின்னப்பேச்சியின் உயிரை வாங்கியிருந்தான். இப்போது பூமியின் இழுப்பில் முழங்கால் கடுக்க, நிற்கவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் தவித்தான்.

தோலுறையைக் கழற்ற மரபுரிமை வேண்டும். கரையோரம் கண்ணாடி போட்டு மூடிய நீளப் பாறை நெடுக, அந்தக் காலத்துச் சுற்றுலாக்காரர்கள் கிறுக்கிய பேர்கள் இருந்தன. அம்பு பாய்ந்த இதயங்கள், கட்சிக் கொடி, பாதி அழிந்த கைப்பேசி எண். அதில் பேர் உள்ளவரின் வாரிசுகள் மட்டும் ஆற்றில் இறங்கலாம். முன்னால் நின்ற குடும்பம் ஓர் இதயத்தைக் காட்டியது. பொறி வணங்கி வழிவிட, அவர்கள் தண்ணீரை வாரி வாரி இறைத்துக் கூத்தடித்தார்கள்.

ஒச்சப்பன் இரண்டு முறை பாறையைத் தேடிப் பார்த்தான். அவன் வம்சத்துப் பேர் ஒன்றுகூட இல்லை.

"எங்க பூட்டன் இங்கனதான் காட்டிலாகா வாட்சரா இருந்தாரு," என்றான் பொறியிடம். "கிறுக்குனவன வெரட்டிப் புடிச்சு, பாறையத் தேச்சுத் தேச்சுக் கழுவுனவரு. இந்த ஆறு இன்னைக்கு ஓடுதுன்னா அவரு பட்ட பாடுதான்."

பொறி சற்று யோசித்தது. பிறகு குறுக்கே கையை நீட்டி மறித்தது.

"மரபுச் சின்னங்களை அழித்தவரின் வாரிசு. பாறையை விட்டுத் தள்ளி நில்லுங்கள்."

பொறி திரும்பிப்போய் இதயத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தது. சின்னப்பேச்சி அவனைக் கண்ணாடி போடாத ஒரு பாறைப் பக்கம் இழுத்துப் போனாள். கொண்டை ஊசியை உருவி அவன் கையில் திணித்தாள்.

"இந்தாங்க. பேரப்பிள்ளைகளாச்சும் குளிக்கட்டும். பெருசா எழுதுங்க."

குத்தவைத்துக் கீறத் தொடங்கினான். முதல் எழுத்து முடிவதற்குள், பாறையில் பேர் இல்லாத மற்றவர்கள் ஊசிக்காக அவன் முதுகுக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.