அறைக்கு மூன்று பேர்

மூன்றாவது படுக்கையை யாரோ இறக்கிவிட்டிருந்தார்கள்.

கப்பல் அறையின் கூரையோடு கூரையாக மடிந்து கிடக்க வேண்டிய படுக்கை அது. மூன்று பேர் தங்கும் அறைகளில் மட்டும் பூட்டைத் திறந்து இறக்குவார்கள். இப்போது அது பெரியவளின் கட்டிலுக்கு நேர் மேலே, சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பும் தலையணையும் ஓரத்தில் சாத்திய சின்ன ஏணியுமாக, யாருக்காகவோ தயாராக இருந்தது. அறையில் புதுக் கம்பளத்தின் வாசனை இருந்தது, ஏசியின் ஈர வாசனை இருந்தது, இரண்டுக்கும் அடியில் அப்போதுதான் உரித்த ஆரஞ்சுத் தோலின் வாசனையும் லேசாக இருந்தது.

"எங்களுக்கு ரெண்டு படுக்கை போதும்," என்றாள் பெரியவள். அம்மா வெளியே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அறைப் பணியாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "என் லிஸ்ட்ல மூணு பேர் மேடம்."

"மூணாவது ஆள் கப்பல் ஏறல."

"ஏறாதவங்க பேரு எங்களுக்கு வராதே மேடம். ஏறினவங்க பேருதான் வரும்."

ஆனாலும் வாக்குவாதம் செய்யாமல் படுக்கையை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுப் போனார். பூட்டு விழுந்த சத்தம் பெரியவளுக்கு நன்றாகக் கேட்டது.

அந்த மூன்றாவது ஆள் ஏன் ஏறவில்லை என்பது பெரியவளுக்குத் தெரியாதா என்ன? பதினான்கு வருஷமாக டிராவல்ஸ் அலுவலகத்தில் கப்பல் பயண மேசையில் உட்கார்ந்திருப்பவள். இஸ்திரிப் பெட்டி கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, இறங்கிச் சுற்றும்போது பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: திரும்பும் நாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் துறைமுகத்தோடு சரி.

தங்கை அனுப்பிய நகலில் ஐந்து மாதமும் பன்னிரண்டு நாளும் இருந்தது. பார்த்த அன்று புதுப்பிக்கச் சொல்லியிருந்தால் தாராளமாக நேரம் இருந்தது. முன்பின் தெரியாத பயணியாக இருந்தால் பெரியவள் இரண்டு முறை போன் செய்து எச்சரித்திருப்பாள். தங்கைக்கு, "எல்லாம் சரியா இருக்கு" என்று பதில் போட்டாள்.

வேறென்ன செய்வாள்? பதினோரு வருஷமாக அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது பெரியவள். மருந்துச் சீட்டும் கையுமாக அலைவது பெரியவள். சின்னவள் எங்கோ தூரதேசத்தில் இருந்துகொண்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவாள். அவள் பணம் அனுப்பி, "மூணு பேரும் கப்பல்ல போகலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னதும், "சின்னவ என்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறா" என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். பால்காரர்கூட விசாரித்தார். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. முன்பதிவில் பெயர்களைத் தட்டும்போதுகூடப் பணம் கட்டுகிறவர் பெயரை முதலில் போடும் வழக்கத்தை மீறி, அம்மா, நான், கடைசியில்தான் அவள் என்று தட்டினாள். அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

காலையில் துறைமுகத்தில் அதிகாரி சின்னவளின் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். சின்னவள் அவரோடு மல்லுக்கட்டவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள்.

"நீ பாத்துட்டுதானே அக்கா சரின்னு சொன்ன?"

"கவனிக்கலடி," என்றாள் பெரியவள்.

அம்மா அழுதாள். "அடுத்த துறைமுகத்துல வந்து ஏறிக்குவாம்மா, அதுக்கு ரூல் இருக்கு," என்று பெரியவள் வாய் கூசாமல் சொல்லி அவளை நகர்த்திக்கொண்டு போனாள். கப்பலுக்குப் போகும் நடைபாதை ஒரு நீளமான கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் கூடவே நடந்து வந்தாள். பாதை திரும்பும் இடத்தில் நின்று, முகத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். மூக்கு ஒரு பக்கமாகச் சப்பி, நெற்றியும் கன்னமும் ரத்தம் வற்றி வெளுத்தன. சின்ன வயதில் அம்மாவைச் சிரிக்க வைக்க ஜன்னலில் அவள் காட்டும் வித்தை அது. அம்மா அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேனே, என்னைப் பார்த்து எப்போதாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா என்றுதான் பெரியவளுக்குத் தோன்றியது. அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு பட்டு ஆவி படர்ந்திருக்க வேண்டும், படரவே இல்லை என்பது கப்பல் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மதியம் அவசரகாலப் பயிற்சிக்கு எல்லாரையும் மேல்தளத்தில் கூட்டினார்கள். மிதவைச் சட்டை மாட்டிய ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியோடு வந்து அறை எண் கேட்டார். "மூணு பேரும் வந்தாச்சு. நன்றி," என்று நகரப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தானே நிக்கிறோம்?"

அவர் கருவியைத் திருப்பிக் காட்டினார். மூன்று பச்சைக் குறிகள். முதல் குறிக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் முகம் தெரியவில்லை. எதிலோ அழுந்திய மாதிரி வெளுப்பாக ஒன்று இருந்தது. பெரியவள் குனிவதற்குள் அவர் அடுத்த அறைக்காரர்களிடம் போய்விட்டார்.

பதிவில் யாரோ சொதப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனை பார்த்திருக்கிறாள்! நேரே வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கிருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். கப்பல் ஏறாத பயணியை அறைக் கணக்கிலிருந்து நீக்கும் படிவம். பெயருக்கு இடமில்லை, அறை எண்ணும் பயணி எண்ணும்தான்.

"ஒருதடவை எடுத்துட்டா இந்தப் பயணம் முடியிற வரைக்கும் திரும்பச் சேர்க்க முடியாது மேடம். வரிசை எண்ணை ஒருதரம் சரிபார்த்துடலாமா?"

"நான் டிராவல்ஸ்லதாம்மா இருக்கேன். அறையைப் பதிஞ்சதே நான்தான்," என்றாள் பெரியவள். பயணி எண்: மூன்று. கையெழுத்தைக் கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள மாறிடும்," என்றாள் அந்தப் பெண்.

அறைக்குத் திரும்பியபோது மூன்றாவது படுக்கை மறுபடி இறங்கியிருந்தது. தலையணையில் ஒரு குழிவு. குழிவுக்குள் ஆரஞ்சுத் தோல், ஓரிடத்திலும் அறுபடாமல் ஒரே சுருளாக. வீட்டில் அப்படி உரிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

அம்மா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். தைல வாசனை தூக்கலாக அடித்தது.

"கால் நீட்டும்மா, தேச்சு விடறேன்."

"தேச்சாச்சு."

"யார் தேச்சா?"

"வேற யாரு, சின்னவதான். எவ்வளவு இதமா தேய்க்கிறா தெரியுமா? நீ தேச்சா தோலே உரிஞ்சு போகுது."

பெரியவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமைதான். நெஞ்சுக்குள் நெருப்பு அள்ளிப் போட்டது போல வந்தது. பயம் அதற்குப் பிறகுதான், காலிலிருந்து மெல்ல மேலே ஏறி வந்தது.

"அவ ஊர்ல இருக்காம்மா. கப்பல்ல இல்ல."

"நீதானே சொன்ன, வந்து ஏறிக்குவான்னு," என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே. "வந்துட்டா."

பணியாளரைக் கூப்பிட்டாள். சாவி தன்னிடம்தான் இருக்கிறது, தான் இறக்கவில்லை என்று சொல்லி மறுபடி பூட்டிவிட்டுப் போனார். அன்று இரவு பெரியவள் விளக்கை அணைக்கவில்லை. கப்பலின் அடிவயிற்றிலிருந்து எந்திரத்தின் அதிர்வு கட்டில் வழியாக முதுகுக்கு வந்துகொண்டே இருந்தது, அலமாரியில் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, பூட்டிய படுக்கையின் பலகை தலைக்கு மேலே, ஆள் புரண்டு படுத்தால் முனகுமே அப்படி, அவ்வப்போது முனகியது. எந்நேரத்திலோ கண் அசந்தாள்.

விடிந்தபோது பால்கனியின் கண்ணாடிக் கதவில் ஒரு முக அச்சு இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் நெற்றி, ஒரு கன்னம், ஒரு பக்கமாகச் சப்பிய மூக்கு. உள்ளே நின்று துண்டால் துடைத்தாள். போகவில்லை. வெளிப்பக்கம் போலிருக்கிறது என்று பால்கனிக்குப் போய்த் துடைத்தாள். போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் அச்சு உள்பக்கம் இருந்தது.

பத்து மணிக்குக் கப்பல் அடுத்த துறைமுகத்தில் நின்றது. கடலுக்குள் போன் வேலை செய்யவில்லை. இங்கே கரையில் இறங்கினால் செய்யும். சின்னவள் வீட்டில் இருக்கிறாள், அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவள் குரலிலேயே கேட்டுவிட்டால் போதும். எல்லாம் தன் குற்ற உணர்ச்சி செய்யும் வேலை என்று நிம்மதியாகிவிடலாம்.

"நீயும் வாம்மா, கொஞ்சம் காத்தாட நடக்கலாம்."

"நீ போயிட்டு வா. எனக்குத்தான் துணை இருக்கே."

பெரியவள் தன்னையறியாமல் கூரையைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, பயணிகளுக்குத் தான் சொல்லும் புத்திமதியைத் தானே கேட்டு, கப்பலில் கொடுத்த பயணி அட்டையோடு மட்டும் இறங்கினாள். ஒன்றரை மணிக்குள் திரும்ப வேண்டும்.

துறைமுகக் காப்பிக்கடை வாசலில் நின்று கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு ஒருமுறை. பிறகு பத்துமுறை. வெயில் ஏறியது, காப்பி ஆறி ஆடை படிந்தது, கூட வந்த பயணிகள் பைகளோடு திரும்பத் தொடங்கினார்கள். ஒன்றே காலுக்கு ஒருவழியாகச் சின்னவள் எடுத்தாள்.

"அக்கா."

அழுத குரல் இல்லை. மூக்கடைத்த குரல்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியாடி?"

போனுக்குள் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. "பயணிகள் அனைவரும் பதினைந்து நிமிடங்களுக்குள் கப்பலுக்குத் திரும்பவும்." அரை நொடி தள்ளி, அதே குரல், அதே வார்த்தைகள், துறைமுகத்தின் கடைசியில் நின்ற கப்பலிலிருந்து வந்தன.

"எங்க இருக்க?" என்றாள் பெரியவள்.

"அம்மா பக்கத்துல. நீ எங்கக்கா இருக்க?"

"போன்ல யாருடி?" அம்மாவின் குரல்.

"யாரோம்மா."

துண்டித்துவிட்டாள்.

பெரியவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டின் கீழே காவலர் அட்டையை வாங்கிக் கருவியில் வைத்தார். சிவப்பு. மறுபடி வைத்தார். சிவப்பு.

"நீங்க இந்தக் கப்பல் பயணி இல்லயே மேடம்."

"என் அறை... எங்கம்மா மேல இருக்காங்க!"

"அந்த அறையில ரெண்டு பேர். ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க. மூணாவது பயணி கப்பலே ஏறலன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க." திரையைத் திருப்பினார். அவளுடைய கையெழுத்து. கொஞ்சம் அழுத்திப் போட்டது.

"அது என் தங்கச்சிங்க! மூணாவது அவதான்! நானே அடிச்சேன்!"

"எப்படி அடிச்சாலும் பணம் கட்டினவங்க பேரை சிஸ்டம் முதல்ல கொண்டுபோயிடும் மேடம். அவங்க ஒண்ணு, அம்மா ரெண்டு. நீங்க மூணு."

தெரியும். பதினான்கு வருஷமாக எத்தனை பயணிகளுக்கு அவளே விளக்கியிருக்கிறாள்! அந்த ஒரு நாள், அந்தப் பெயரைக் கடைசியில் பார்த்த சந்தோஷத்தில், மறந்தே போனது.

"பாஸ்போர்ட்டைக் காட்டுங்க. மேல கேட்டுப் பாக்குறேன்."

பாஸ்போர்ட் பெட்டகத்தில் இருந்தது.

"அம்மாவுக்கு போன் போடுங்க. ஒரு வார்த்தை, அவங்களே சொல்வாங்க."

காவலர் மனசு கேட்காமல் அறைக்குப் போட்டார். கேட்டார். வைத்தார். அவர் முகம் மாறியிருந்தது. "எனக்கு ஒரே பொண்ணு, அவ என் பக்கத்துலயே இருக்கான்னு சொல்றாங்க மேடம்."

படிக்கட்டை இழுத்துக்கொண்டார்கள். வடம் அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு முழ நீளத் தண்ணீர். ஓர் ஆள் நீளத் தண்ணீர். பிறகு நிறைய.

ஐந்தாவது தளம். இடமிருந்து ஏழாவது பால்கனி.

அம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. பெரியவளின் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். அவள் கையிலிருந்து ஆரஞ்சுத் தோல் ஒரே சுருளாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

அம்மா பார்த்தாள். கரையில் நிற்கும் யாருக்கோ கைகாட்டுவது போல, மரியாதையாகக் கைகாட்டினாள். அந்த இன்னொருத்தியும் குனிந்து பார்த்தாள்.

பால்கனியின் முன்பக்கம் கண்ணாடி கிடையாது. வெறும் கம்பிதான். காற்றுதான். ஆனாலும் அந்த முகம் அழுந்தியே இருந்தது. மூக்கு ஒரு பக்கமாகச் சப்பி, நெற்றியும் கன்னமும் ரத்தம் வற்றி வெளுத்து, உதடு பல்லோடு ஒட்டிப் பரவி, எதிலும் படாமல், எதன்மேலோ அழுந்தியபடி. அம்மா ஆரஞ்சுச் சுளை ஒன்றை அந்த வாயில் ஊட்டினாள். பிறகு, பெரியவள் ஆயுசில் ஒருநாளும் பார்த்திராத மாதிரி, வாய்விட்டுச் சிரித்தாள்.