கம்பிச் சன்னலில் ஒரு வெள்ளைச் சட்டை

மழைக்கு அன்று யார் மேல் கோபமோ தெரியவில்லை... சா டெக் ஊரின் கால்வாயை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மழையில் குடையும் இல்லாமல், கையில் ஸ்பேனரோடு, அரிசி ஆலையின் பின்பக்கச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள்.

தோவா. வயது இருபத்தாறு. ஆலையின் கம்ப்ரசர் அறை அவள் பொறுப்பு. அறைச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் ஒரு கயிற்றில் ஆடும்.

படகுத் துறையைப் பார்த்த சுவரில், இடுப்பளவு உயரத்தில், அகலமான ஒரு கம்பிச் சன்னல். உள்ளே இருக்கும் ஏர் ட்ரையரின் சூட்டையெல்லாம் ஒரு ஃபேன் அந்த வழியாகத்தான் வெளியே தள்ளும். சன்னலுக்கு மேலே அவளே சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டிய பலகை: 'இங்கே எதையும் தொங்கவிடக் கூடாது.' பலகைக்கு நேர் கீழே... ஒரு மழைக்கோட்டு, ஒரு போர்வை, ஒரு பேண்ட். எல்லாவற்றுக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை.

ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் உருவினாள். சட்டையை மட்டும் உயர்த்திப் பிடித்துத் திரும்பினாள்.

"இது யாருது?"

கூரைச் சாய்ப்பின் கீழே படகுக்காரர்கள் ஐஸ் காப்பியும் சீட்டுக்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் உடம்பிலும் சட்டை இருந்தது... ஒருவனைத் தவிர. அவன் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நின்றான். சுருண்ட ஈரமுடி. அதன் கீழே இரண்டு பெரிய கண்கள். அவனுக்குப் பின்னால் கட்டியிருந்த படகின் சிவப்பு முகப்பிலும் அந்தப் பக்கத்து வழக்கப்படி பெரிதாக இரண்டு கண்கள் வரையப்பட்டிருந்தன. இரண்டு ஜோடியும் ஒரே திருட்டு முழி முழித்தன.

'அட... இவன்தானா?' தோவாவுக்குப் புரிந்துவிட்டது.

"தெரியலையே..." என்றான் அவன், யாரும் அவனைத் தனியாகக் கேட்காதபோதே.

அதற்குள் ஆலை முதலாளி சுயென் அம்மா குடையோடு வந்து நின்றாள். கூடவே அந்த இளைஞனின் அப்பா கியெத்தும் படகிலிருந்து இறங்கி வந்தார்.

"எதுக்கு மில்லை நிறுத்துன?" என்றாள் சுயென் அம்மா.

"துணி அடைச்சு, ட்ரையர் சூடு தாங்காம நின்னுடுச்சும்மா. குழாய் பூரா தண்ணி."

"போட்டு ஓட்டு. அரிசி ஏத்தத் துறையில பதினோரு படகு நிக்குது."

"ஓட்ட மாட்டேன்."

சீட்டு ஆடிய கைகள் அப்படியே நின்றன. சுயென் அம்மாவிடம் 'மாட்டேன்' என்று சொன்ன ஆளை அந்தத் துறை அதுவரை பார்த்ததில்லை.

மாட்டேன் என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் காற்றை ட்ரையர்தான் குளிரவைத்து, அதிலிருக்கும் தண்ணீரைப் பிரித்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை 'புஸ்' என்று வெளியே துப்பும். உலர்ந்த காற்று அரிசி பொறுக்கும் மெஷினுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு அரிசியையும் கேமரா பார்க்கும். கறுப்பு தெரிந்தால் மெல்லிய காற்று ஒன்று அதைத் தட்டிவிடும். அந்தக் காற்றில் தண்ணீர் கலந்தால் தவிடு பசையாகித் துளைகள் அடைத்துக்கொள்ளும். கறுப்பரிசி ஜம்மென்று மூட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"குழாயை வடிக்கணும், ஃபில்டரை மாத்தணும்," என்றாள் தோவா. "ட்ரையரைத் தனியா ஓட்டி, மீட்டர் முள்ளு பச்சைக்கு வந்த பிறகுதான் காத்தைத் திறப்பேன். மூணு மணி நேரம் ஆகும்."

"மழை தொடங்குறப்பவே சொன்னேனா இல்லையா? ஒரு தடவை தண்ணி வந்தாலும் சாவியைப் புடுங்கி என் தம்பி மகன்கிட்ட குடுத்துடுவேன்னு?"

"சொன்னீங்க."

"துணி போட்டவன் எவன்னு காட்டு. அவன் படகை வரிசையில கடைசிக்குத் தள்றேன். உன் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

தோவா அந்தப் பெரிய கண்களைப் பார்த்தாள். அவை பளிச்சென்று தரைக்கு இறங்கின. பக்கத்தில் கியெத் வேறு, "சாயங்காலம் தண்ணி ஏறுறப்ப நாங்க கிளம்பியாகணும். நாளைக்கு வின் லாங்ல என் பையனுக்குப் பொண்ணு பார்க்கணும்," என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு விரலை நீட்டினால் போதும். ஆனால்... 'பொம்பளைக்கு எதுக்கு மெஷின் ரூம்னு கேட்ட ஊர் இது. இன்னொருத்தனைக் காட்டிக்குடுத்துத்தான் என் சாவியைக் காப்பாத்தணுமா? அப்படி ஒரு சாவி எனக்கு வேண்டாம்.'

"யாருன்னு தெரியாதும்மா. முள்ளைப் பார்த்துட்டே இருக்க வேண்டியது நான். பார்க்கலை."

"அப்போ மில்லு ஓடினதும் சாவியைக் கொண்டாந்து மேஜையில வை," என்றாள் சுயென் அம்மா.

கம்ப்ரசர் அறையில் தோவா முழங்காலில் உட்கார்ந்து ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"உள்ள வரலாமா?"

"சட்டை வேணும்னா அதோ கிடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் எடுத்து விரித்தான். நெஞ்சுக்கு நேராக அவளுடைய ஐந்து விரலும் கிரீஸில் அச்சாகப் பதிந்திருந்தன.

"என் பேரு லுவான்..."

"நான் கேட்கலை."

"என்னை ஏன் காட்டிக்குடுக்கலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

"அப்பா பக்கத்துல நின்னாரு..."

"நானும் பக்கத்துலதான் நின்னேன்."

லுவானுக்குக் காது மடல் சிவந்தது. ஏதாவது உதவி செய்தே தீர வேண்டும் என்று தோன்ற, கண்ணில் பட்ட பச்சை ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினான். பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

"அஞ்சு நிமிஷம்."

"என்ன அஞ்சு நிமிஷம்?"

"இப்பத்தான் ஓட்டிப் பார்த்து நிறுத்தினேன். நின்ன ட்ரையரை உடனே தட்டி எழுப்பக் கூடாது. உள்ள கேஸோட அழுத்தம் அடங்கணும். அதுக்கு அஞ்சு நிமிஷம்."

"மனுஷங்களுக்கும் அதே கணக்குதானா?"

"சில மனுஷங்களுக்கு அஞ்சு வருஷமும் போதாது. சும்மா நிக்காம அந்தப் பிரஷை எடுங்க. கண்டென்சர் தகட்டுல தவிடு அப்பியிருக்கு, மேலருந்து கீழ தேய்ங்க. தகடு மடங்கினா உங்க விரலை மடக்கிடுவேன்."

அவன் தேய்த்தான். பயந்து பயந்து, குழந்தைக்குத் தலை வாருவதைப் போலத் தேய்த்தான். தோவா ஓரக்கண்ணால் பார்த்தாள். 'பரவாயில்லையே... சொன்னதைக் கேட்கிறானே.'

"பொண்ணு எப்படி?" என்றாள் சட்டென்று. ஏன் கேட்டோம் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியாது. அப்பாவோட சிநேகிதர் பொண்ணு. பார்த்ததே இல்லை."

"முகம் தெரியாத பொண்ணுக்கு இஸ்திரி மடிப்பு கலையாம சட்டை காயணுமாக்கும்."

"படகுல நாலு நாளா எதுவுமே காயலைங்க. அந்தச் சன்னல்லருந்து வந்த காத்து வெதுவெதுன்னு... அம்மா சமையல்கட்டு மாதிரி இருந்துச்சு. பலகையைப் படிச்சேன். ஒரு சட்டைதானேன்னு நினைச்சேன். நான் போட்டதைப் பார்த்து மத்தவங்களும் போட்டுட்டாங்க."

அவள் புது ஃபில்டரைப் பொருத்தித் திருகினாள். அவனே மறுபடி கேட்டான்.

"சாவி போயிடுச்சுன்னா?"

"நாலு வருஷம் இதே மில்லுல மூட்டை தைச்சேன். வேலை முடிச்சுட்டுப் போய் மெஷின் வேலை படிச்சேன். சாவி போனா மறுபடியும் கோணி ஊசி." அவள் ஸ்பேனரை இன்னொரு சுற்று இறுக்கினாள். "ஊசியைப் பிடிச்சாலும் பிடிப்பேனே தவிர, போய்க் கெஞ்ச மாட்டேன்."

ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. அவள் ஸ்விட்சைத் தட்டினாள். ட்ரையர் உறுமிக்கொண்டு எழுந்தது. முள் சிவப்பிலிருந்து அசைய மனமில்லாமல் அசைந்தது. மஞ்சள்... இன்னும் மஞ்சள்... இருவரும் ஒரே கண்ணாடி வட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். மழைவாசமும் தவிட்டுவாசமும் அந்தச் சின்ன அறையை நிறைத்தன.

பச்சை.

அதே நேரம் அவன் காலடியில் வால்வு 'புஸ்ஸ்' என்று தண்ணீரைத் துப்ப, லுவான் ஓரடி எம்பிக் குதித்தான். தோவா சிரித்துவிட்டாள். அதுவரை மழை மட்டுமே இருந்த அந்தக் கண்களில் சிரிப்பு வந்ததும்... அவனுக்கு வின் லாங் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துபோனது.

மாலையில் ஆலை மறுபடி ஓடியது. சுயென் அம்மா கைநிறைய அரிசியை அள்ளிப் பரப்பிப் பார்த்தாள். ஒரு கறுப்புகூட இல்லை. வரிசைப் பலகையில் சுண்ணக்கட்டியால் முதலில் எழுதியிருந்தது கியெத்தின் படகு. மனிதர் சந்தோஷமாக மூட்டை ஏற்றத் தயாராக நின்றார்.

தோவா நேராக மேஜைக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்துச் சாவியை வைத்தாள்.

"அடுத்து வர்றவர்கிட்ட சொல்லிடுங்க. ட்ரையர் நின்னா அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். அவசரப்படுத்தினா கெட்டுடும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"இந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல..." என்று சுயென் அம்மா சாவிக்குக் கை நீட்டினாள்.

"அம்மா. அந்தச் சட்டை என்னுது."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் லுவான். நெஞ்சில் ஐந்து விரல் கிரீஸ் கறையோடு அதே வெள்ளைச் சட்டை, இன்னும் பாதி ஈரமாக அவன் உடம்பில் ஒட்டியிருந்தது.

"டேய்..." என்றார் கியெத்.

"பலகையைப் படிச்சேம்மா. படிச்சுட்டேதான் முதல்ல நான் போட்டேன். அவங்க மேல தப்பில்ல. சாவியை அவங்ககிட்டயே குடுத்துடுங்க. வரிசையில எங்க படகைக் கடைசிக்குத் தள்ளுங்க."

"கடைசின்னா பதினொண்ணு," என்றாள் சுயென் அம்மா. "நாலு நாள் ஆகும்."

"ஆகட்டும்."

"நாளைக்கு வின் லாங்ல என்னடா சொல்றது?" கியெத்தின் குரல் உடைந்தது.

"மாப்பிள்ளை சட்டையில கறை இருக்குன்னு சொல்லுங்கப்பா. பொய் இல்லையே." அவன் இந்த முறை தலையைக் குனியவில்லை. "தப்பு செஞ்சுட்டு ஒளிஞ்சுக்கிட்டவனா அந்த வீட்டுல போய் உட்கார மாட்டேன்."

சுயென் அம்மா முதல் வரியை உள்ளங்கையால் அழித்துக் கடைசியில் எழுதினாள். பிறகு சாவியைத் தோவா பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கோ. ஆனா மாட்டேன்னு மட்டும் இன்னொரு தடவை என்கிட்ட சொல்லாத."

"குழாய்ல தண்ணி வந்தா சொல்லுவேம்மா," என்றாள் தோவா. சுயென் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

வெளியே வந்ததும் தோவா அவன் மேல் பாய்ந்தாள்.

"உங்களை யாரு கேட்டா? என் சாவிக்காகப் பேச எனக்கு வாய் இல்லையா?"

"உங்க சாவிக்காகன்னு யாரு சொன்னது? என் முகத்துக்காகச் சொன்னேன். மத்தியானம் உங்க முன்னாடி அது கீழ விழுந்துடுச்சு... எடுத்துக்கிட்டேன்."

அவள் முறைத்தாள். விடுவிடுவென்று போய்விட்டாள். அவன் மழையில் நின்றான். அப்பா அன்று இரவுச் சாப்பாட்டில் அவனோடு பேசவில்லை.

விடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. டொக் டொக் என்ற சத்தம் கேட்டு லுவான் படகிலிருந்து எட்டிப் பார்த்தான். சாய்ப்பின் தூணில் தோவா ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கம்பிச் சன்னலிலிருந்து மூன்று எட்டு அளந்து, ஒரு தூணிலிருந்து மறுதூணுக்கு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

அவன் ஓடி வந்தான். அதே சட்டை.

"இந்தத் தூரத்துல போட்டா மெஷினுக்கும் மூச்சு முட்டாது, துணியும் காயும்," என்றாள் அவனைப் பார்க்காமல்.

"எனக்காகவா?"

"எல்லாப் படகுக்காரங்களுக்கும்தான். ரொம்ப நினைச்சுக்காதீங்க. அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சா கறை போயிடும்."

"போக வேண்டாம்."

"என்னது?"

"பொண்ணு பார்க்கப் போட்டுக்கத்தான் இதைக் காயவெச்சேன்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "பார்த்துட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பா பேசாட்டியும் பரவாயில்ல, நாலு நாள் கழிச்சுக் கிளம்புறப்ப இதையேதான் அவர்கிட்டயும் சொல்லப் போறேன். உங்களுக்கு எப்படின்னு மட்டும்... சொல்லுங்க."

தோவாவின் கையிலிருந்த சுத்தியல் அந்தரத்தில் நின்றது. கண்கள் கால்வாயைப் பார்த்தன, கயிற்றைப் பார்த்தன, அவனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தன.

"அஞ்சு நிமிஷம்," என்றாள்.

"எதுக்கு?"

"அழுத்தம் அடங்கணும்."

கம்ப்ரசர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லுவான் வெதுவெதுப்பான அந்தக் காற்றில் நின்றான். உள்ளே வால்வு ஒருமுறை 'புஸ்' என்றது. படகின் முகப்பிலிருந்த இரண்டு கண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. துறையில் யாரோ காப்பி ஆற்றினார்கள்.

கதவு திறந்தது.

"அந்த வின் லாங் வீட்டுக்கு மறுபடி நாள் பார்த்தீங்கன்னா, உங்க படகு இந்தத் துறைப் பக்கமே வரக் கூடாது," என்றாள். முகம் முழுக்கச் சிவப்பு. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து நீங்க அந்தக் கறையோட வாசல்ல வந்து நின்னீங்களே, அப்பவே. போதுமா?"

லுவான் கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டினான்.

"அஞ்சு நிமிஷம் ஆகலையே... மூணுதானே ஆச்சு."

சுயென் அம்மாவுக்காகக்கூட ஒரு நொடி குறைக்காதவள், அன்று காலையில் முதல்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஆகலைதான்," என்றாள்.