வேலுவுக்கு இறைத்த தண்ணீர்

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? பனியில் மூட்டுவலி படுத்துகிறதா? ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்காருங்கள், தலைநகரில், கரோல் பாக் வீடு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம். ஜோதிலிங்கம் பால்கனியில் வைத்த சோற்றைக் காகங்கள் சீண்டவே இல்லை. ஏசிப் பெட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியே சோபாவில் இருந்த தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தன.

தம்பி ராஜவேல் பல வருஷம் கழித்து அன்று காலைதான் புனேயிலிருந்து வந்திருந்தான். வந்ததும், "அப்பா போர்த்தின ரஜாயை இன்னும் துவைக்கலையா? அவரே உள்ள படுத்திருக்காப்ல நாறுதுண்ணே" என்று சிரித்தான். பிறகு தண்ணீர் கேட்டான். இன்னும் கேட்டான். தெருவில் ரிக்‌ஷா ஹாரன், கீழ்வீட்டுக் குக்கர் விசில், எல்லாவற்றுக்கும் நடுவே அவன் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் ஜோதிலிங்கத்தின் காதுக்குள்ளேயே கேட்டது. குடிக்கக் குடிக்க அவன் உதடு வெடித்துக்கொண்டே போனது, ஹாலெல்லாம் ஊறின எள்ளின் வாசனை.

அந்த வாசனை ஜோதிலிங்கத்துக்குத் தெரியும்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே ஆண்கள்மேல்தான் மனசு போகும். அது அவர்களுக்குள் மட்டும் இருந்த ரகசியம். ஒருநாள் ஜோதிலிங்கத்தின் காதலன் அனுப்பிய மெசேஜ் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பா கண்ணில் பட்டது. தம்பி வேலுவுக்கு வந்தது என்று சொல்லி ஜோதிலிங்கம் தப்பித்துக்கொண்டான். அப்பா வேலுவைத் துரத்தினார். அதோடு விடவில்லை. சின்னவன் செத்துவிட்டான் என்று, அமாவாசைதோறும் மூத்தவன் கையாலேயே அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார். அப்பா இருக்கிற பிள்ளை தொடக்கூடாத காரியம். அதுவும் உயிரோடிருக்கிற தம்பிக்கு. ஜோதிலிங்கம் ஒருதடவைகூட மறுக்கவில்லை. அப்பா படுத்த படுக்கையான பிறகுதான் அது நின்றது.

இன்றாவது சொல்லிவிட வேண்டும். மன்னித்தால் தம்பி தங்குவான். இல்லாவிட்டால் இந்த வீட்டில் இனி ஜோதிலிங்கம் மட்டும்தான்.

"வேலு. அந்த மெசேஜ் எனக்கு வந்ததுடா."

"தெரியும்ணே. நீயாவது தப்பிச்சியேன்னு இருந்தேன்."

"அது மட்டுமில்ல. உனக்கு எள்ளுத்தண்ணி இறைச்சேன். அமாவாசைக்கு அமாவாசை."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அதானா," என்றான் மெதுவாக. "அன்னிக்கு மட்டும்தான்ணே எனக்குத் தாகம் அடங்கும். இப்பக் கொஞ்ச மாசமா அடங்கவே இல்ல."

கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஜோதிலிங்கம் அவன் கையைப் பிடித்தான். சூடு இருந்தது. நாடி துடித்தது. உயிருள்ள கை. இனிமேல் சத்தியமாகச் செய்யமாட்டேன் என்று அழுதான்.

"அப்படிச் சொல்லாதண்ணே."

தம்பி தரையில் இறங்கி உட்கார்ந்தான். இரண்டு கையையும் குவித்தான். அண்ணாந்தான். வாயைத் திறந்தான்.

நாக்கின் மேல் எள். பல்லிடுக்கில் எள். தொண்டைவரை, கறுப்பாய். முளைவிட்டிருந்தது.

ஜோதிலிங்கம் பின்வாங்கினான். கையில் சொம்பு இல்லை. தண்ணீர் இல்லை. ஆனாலும் வலது கை தானாகச் சாய்ந்தது. கட்டைவிரலோரம் எள்ளுத்தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

உங்கள் வீட்டிலும் உயிரோடு இருக்கையிலேயே தலைமுழுகிவிட்ட ஆள் உண்டா? திரும்பி வந்தாரா? எழுதுங்கள்.