மாமனாரை இறக்கிய கதவு

குப்பியோ என்ற பழைய மலையூரின் மேட்டுத் தெருவில், எங்கள் வீட்டு வாசலில், நான் கூட்டி வந்த பயணிகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். மதியம் மூன்று மணிதான். மூடுபனி எதிர்ச்சுவரையே மறைத்திருந்தது.

இங்கே பழைய வீடுகளில் பெரிய கதவுக்குப் பக்கத்தில், இடுப்புயரத்தில் ஒரு குறுகிய கதவு இருக்கும். பிணத்தை அதன் வழியாகத்தான் இறக்குவோம். இறக்கியதும், இடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் திரும்பி வந்துவிடுவாராம்; வரவும் போகவும் அவருக்கு அந்த ஒரு வழிதான். அடைத்தால், அடுத்த சாவு விழும்வரை திறக்கக் கூடாது. ஊர் சுற்றிக் காட்டும் நான் இதைச் சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் பிழைக்கிறேன்.

முந்தின நாள் என் மாமனார் ஏவரிஸ்டோவை அப்படித்தான் இறக்கினோம். இடுகாட்டிலிருந்து நான் திரும்பியபோது, கொத்தனார் செத்திமியோ பாதிச் சுவரோடு கரண்டியைப் போட்டிருந்தான்.

"மணி ஒண்ணாச்சுடா. செத்தவரு பொறுத்துக்குவாரு, பாஸ்தா பொறுத்துக்குமா?"

நானும் சிரித்துவிட்டு அவனோடு சாப்பிடப் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒயின் குடித்துவிட்டு இருவரும் தூங்கிப்போனோம்; காலையில் சுவரை மறந்து நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

இப்போது பயணிகளில் ஒரு பெண் அந்தப் பாதிச் சுவரைக் காட்டினாள்.

"இது வழியா யாராவது உள்ள போவாங்களா?"

அந்தக் குறுகிய கதவின் வாசற்கல்லில் புதுச் செம்மண் அப்பியிருந்தது. அதில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன.

விரல்கள் வீட்டுக்குள் பார்த்து இருந்தன.

உள்ளே என் மனைவி நீவெஸ் எட்டு மாதக் கர்ப்பிணி.

"நீவெஸ்!"

"ஏன் இப்படிக் கத்துறீங்க? தூங்கிட்டிருக்கேன்ல!" மாடியிலிருந்து அவள் குரல் வந்தது.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பயணிகளை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுச் செத்திமியோவை இழுத்து வந்தேன்.

"கட்டுடா. சீக்கிரம்."

"கலவை காஞ்சுபோச்சுடா."

"தண்ணி ஊத்திக் கட்டு!"

கடைசிச் செங்கல் பொருந்திய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பெரிய கதவு வழியாக மாடிக்கு ஓடினேன். ஈர மண் வாடை அடித்தது. நீவெஸ் வயிற்றைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க," என்று கிசுகிசுத்தாள். "அப்பா வந்திருக்காரு. மூக்குக்கண்ணாடிய மறந்துட்டாராம். எடுத்துக்கிட்டு உடனே போயிடறேன்னாரு."

கீழே, புதுச் சுவரை உள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.

சத்தம் நின்றது.

படிக்கட்டில் காலடி ஏறி வந்தது. என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. நீவெஸின் பார்வை மட்டும் அறை வாசலிலிருந்து மெல்ல நகர்ந்து, கட்டிலருகே வந்து நின்றது.

"இனிமே எந்த வழியாப் போறதுன்னு அப்பா கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவரு என் வயித்தையே பாக்குறாரு."