ஏழாவது மாவுக்கலன்

செவ்வாய்க் கோளின் குங்குமமேடு குடியிருப்பில், காலைப் பலகார நேரத்தில் ஒலிபெருக்கி எல்லாருடைய வயிற்று நிலவரத்தையும் வாசிக்கும். "சேதுநாராயணன், மூன்றாம் நாளாக மலச்சிக்கல். அமலோற்பவம், சிறுநீரில் உப்பு அதிகம்." இட்லியைச் சட்னியில் தோய்த்தபடியே எல்லாரும் கேட்பார்கள். சேதுநாராயணனுக்குப் பக்கத்தில் இருப்பவர் தன் பப்பாளித் துண்டை அவர் பக்கம் நகர்த்துவார். நூற்றுப்பத்துப் பேர் ஒரே தண்ணீரைச் சுத்திகரித்துச் சுற்றிச் சுற்றிக் குடிக்கும் ஊரில் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க வசதியில்லை.

தில்லைக்கரசி மட்டும் பதினைந்து நாளாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த இட்லிக்கு மாவு புளிக்கும் ஆறு கலன்களுக்கும் அவள்தான் பொறுப்பு. மூடியைத் திறந்து மோந்தாலே கோளாறு ஈஸ்ட்டினாலா பாக்டீரியாவினாலா என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் சோதிக்காமல் கலனில் ஒரு சொட்டு மருந்து விட மாட்டாள். குத்துமதிப்பாக எதையோ ஊற்றிய உதவியாளரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

இப்போது கோளாறு அவளுக்கே. சாம்பல் வெள்ளையாக, நீர்த்த வெள்ளைப்படுதல். கூடவே மீன் வாடை. செவ்வாயில் மீனே கிடையாது. தினம் மூன்று முறை சோப்புப் போட்டு உள்ளே கழுவினாள். வாடை கூடியது. கடைசியில் அறைத்தோழி மெஹ்ராஜிடம் சொன்னாள்.

"இது ஈஸ்ட்தான்டி. போன வருஷம் எனக்கு வந்துச்சே, அதேதான். மிச்சக் களிம்பு இருக்கு, போட்டுக்க."

"உனக்கும் வாடை வந்துச்சா?"

"வாடையெல்லாம் இல்ல. அரிப்புதான் உசுர எடுத்துச்சு. தயிர்க்கட்டி மாதிரி வேற பட்டுச்சு. எல்லாம் ஒண்ணுதான், போட்டுக்க."

ஊருக்குத்தான் உபதேசம். தில்லைக்கரசி மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாகியும் பலனில்லை.

இன்னும் பத்து நாளில் அவள் வடக்குக் குடியிருப்புக்குப் புறப்பட வேண்டும். இரண்டு வருடமாக உணவுப் பொடியைக் கரைத்துக் குடிக்கும் அந்த ஜனங்களுக்கு முதல் மாவுக்கலனைத் தொடங்கிக் கொடுக்கும் பயணம். அதற்காக அவள் ஏங்கிக் காத்திருந்தாள். ஆனால் காற்றுப்புகா வண்டியில் ஆறு பேர், நாலு நாள். 'வர இயலாது' என்று கடிதம்கூட எழுதி வைத்துவிட்டாள்.

கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, குடியிருப்பின் மருத்துவ இயந்திரமான நலம்பேசியிடம் போனாள். அது பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "இப்பகுதி வடிவமைப்புக் குழுவால் நீக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பெரியவர்களை அணுகவும்."

மிக அருகிலிருந்த வீட்டுப் பெரியவர் இருபத்திரண்டு கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார். நலம்பேசிக்கான கையேட்டில் மலத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதிய பூமிக் குழு, இந்த இடம் வந்ததும் நெளிந்து, தேநீர் வரவழைத்து, பேனாவால் அடித்துவிட்டிருந்தது.

தில்லைக்கரசிக்குக் கோபம் வந்தது. நலம்பேசியின் அதே மூளைதான் மாவுக்கலன்களையும் கவனிக்கிறது. அந்தப் பகுதியில் குழு ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

"ஏழாவது கலன்ல பிரச்சினை," என்றாள்.

"ஏழாவது கலன் பதிவு செய்யப்பட்டது. அறிகுறிகள்?"

எல்லாவற்றையும் சொன்னாள். மாவு சோதிக்கும் தாளை அங்கேயே வைத்துப் பார்த்து, pH என்னும் புளிப்பளவு நாலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது ஐந்தரை காட்டுகிறது, அதாவது புளிப்புக் குறைந்திருக்கிறது என்பதையும் சொன்னாள்.

"ஈஸ்ட்டாகத் தெரியவில்லை. ஈஸ்ட் பெருகினால் தயிர்க்கட்டிபோல் இருக்கும், அரிப்பு மிகும், வாடை பெரும்பாலும் இராது, புளிப்பும் அநேகமாக மாறாது. இங்கே புளிப்பைக் காக்கும் நல்ல பாக்டீரியா குறைந்து, மற்றவை பெருகியிருக்கலாம். அப்படியானால் ஈஸ்ட் களிம்பு பயன் தராது. மாதிரி தரவும்."

பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுத்தாள். சோதனையும் அதையே சொன்னது.

"கலனின் உட்புறத்தைச் சோப்பால் கழுவுகிறீர்களா?"

"தினம் மூணு தடவ."

"நிறுத்தவும். கலன் அழுக்கால் கெடவில்லை."

தில்லைக்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னிடம்தான் ஏதோ அசிங்கம் என்று நினைத்துப் பதினைந்து நாள் குமைந்திருந்தாள்.

"கலனின் எடை?"

"அறுபத்தொரு கிலோ."

"கலன் கருவுற்றுள்ளதா?"

நிமிர்ந்து பார்த்தாள். இயந்திரத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இல்ல," என்றாள். ஏழு நாளுக்கான மாத்திரை வந்து விழுந்தது.

கேட்டுவிட்டு மெஹ்ராஜ் வயிறு குலுங்கச் சிரித்தாள். மறுநாள் அவளே போய் எட்டாவது கலனைப் பதிவு செய்துவிட்டு வந்தாள். தில்லைக்கரசி மாத்திரையை முடித்து, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புளித்த மாவோடு வடக்கே போனாள்.

மாதக் கடைசியில் ஒலிபெருக்கி வாசித்தது: "குடியிருப்பின் மாவுக்கலன்கள் ஆறு. கோளாறுள்ளவை, ஏழாவது முதல் இருபத்தைந்தாவது வரை." சாப்பாட்டுக்கூடத்தில் பெண்கள் எல்லாரும் தட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் ஞானசிகாமணி பூமிக்கு அறிக்கை அனுப்பினார்: 'பெண்கள் நலம்: வழக்கம்போல் புகார் ஏதுமில்லை. மாவுக்கலன்கள்: கவலைக்கிடம்.'

பூமிக் குழு பதறிப்போய் அன்றைக்கே கூடியது. மாவு விஷயமாயிற்றே! அடுத்த விண்கலத்திலேயே மருந்துகளும், இரண்டு நிபுணர்களும், எதையும் அடிக்காத புதிய கையேடும் வந்து சேர்ந்தன.