முதல் வளைவில் பிடிக்காத பிரேக்

"எங்க வீட்டுக்காரர் கையை நொறுக்கிட்டாங்க சார். இன்னிக்கி சாயங்காலம் போலீஸ் அவரையே கைதும் பண்ணப் போகுது." சொல்லிக்கொண்டே அந்தப் பெண் அலுவலகத்துக்குள் வந்தாள். அவள் புடவை முந்தானை முழுக்கக் காய்ந்த ரத்தம். அது அவளுடைய ரத்தம் இல்லை.

முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக நொறுங்கிய வண்டிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர் கண்ணாடிக்காரர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். கூட இருக்கும் மச்சினனுக்கு வழக்கு என்றால் கால் தரையில் பாவாது. அவள் உட்காருவதற்குள் நோட்டைத் திறந்துவிட்டான்.

அவள் கணவன் கார் மெக்கானிக். அவனுடைய வாடிக்கையாளர் ஒருவர் முந்தாநாள் பந்தயத் தடத்தில், முதல் சுற்றின் முதல் வளைவிலேயே சுவரில் மோதி, வண்டி மூன்று முறை உருண்டு செத்துப்போனார். பின்னால் இன்னொரு காரில் வந்தவன் அவருடைய சிநேகிதன்.

"'புது பிரேக் பேட் இன்னும் சூடேறலை, அதான் பிரேக் பிடிக்கலை'ன்னு அந்த ஆளு அப்பவே போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டான். அப்புறம் செத்தவரோட அண்ணனைக் கூட்டிட்டு எங்க ஷெட்டுக்கு வந்தான். இவன் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுப் பட்டறைக்கல்லுல வச்சான், அண்ணன் வீல் ஸ்பானரால அடிச்சாரு. எட்டு அடி. நான் எண்ணிக்கிட்டே அலறினேன்."

"வண்டியில என்ன பேட் இருந்தது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ரோட்டு பேட், சாதா வண்டிக்குப் போடுறது. நேத்து போலீஸ் கழட்டிப் பார்த்துட்டு, பந்தயத்துக்கு இதையா போட்டான்னு கேக்குறாங்க. செத்தவர்தான் அதைக் கேட்டாரு சார். பந்தய பேட் ஆறிக் கிடந்தா பிடிக்காது, ரோட்டுல கிறீச்சுன்னு கத்தும், பொண்ணை ஸ்கூல்ல விடணும், தடத்துல ரெண்டு சுத்துதான் ஓட்டுவேன்னாரு. ரெண்டுக்கு மேல போனா சூட்டுல இது கைவிட்டுரும்னு இவரும் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

கண்ணாடிக்காரர் எழுந்து செருப்பை மாட்டினார்.

காவல் நிலையத்தின் பின்புறம் கிடந்ததைக் கார் என்று சொல்ல மனசு வரவில்லை. முன்னும் பின்னும் ஒன்றாக நசுங்கியிருந்தது. கூரையின் உட்புறம் ரத்தத்தோடு தலைமுடி ஒட்டியிருப்பதைப் பார்த்த மச்சினன் நோட்டை மூடிக்கொண்டான். கண்ணாடிக்காரர் குனிந்து பிரேக் டிஸ்கைத் தடவினார். வெள்ளிபோல் மழமழவென்று இருந்தது. சூட்டில் நீலம் பாரித்த தடம் எங்குமே இல்லை.

"நல்லாத்தானே இருக்கு மாமா?"

"அதான் மாப்ளே கஷ்டமே. வா, எல்லாரையும் சிநேகிதன் வீட்டுக்கு வரச் சொல்லலாம்."

மதியம் சிநேகிதனின் கார் கொட்டகையில் செத்தவரின் அண்ணன், இன்ஸ்பெக்டர், மெக்கானிக்கின் மனைவி எல்லாரும் கூடினார்கள். சிநேகிதனின் கார் முன்பக்கத்தில் பம்பர் புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தது. சிநேகிதன் கூண்டுப் புலியாக நடந்துகொண்டிருந்தான்.

"சூடேறாததால பிரேக் பிடிக்கலைன்னு நீங்க சொன்னீங்க. போலீஸ் ரோட்டு பேட்டுன்னு சொல்லுது. ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது" என்றார் கண்ணாடிக்காரர். "ரோட்டு பேட் ஆறிக் கிடந்தாலும் முதல் மிதியிலேயே பிடிக்கும். சுத்திச் சுத்திச் சூடானாத்தான் கைவிடும். அவர் ஒரு சுத்துகூட முடிக்கலை, டிஸ்க்கும் சூடாகலை. முதல் வளைவுல அவர் பிரேக் நல்லாவே பிடிச்சது."

"அப்புறம் என் தம்பி எப்படிய்யா செத்தான்?" அண்ணனின் குரல் உடைந்தது.

"ஆறின பந்தய பேட் எப்படி ஏமாத்தும்னு இவர் அச்சு அசலா எழுதிக் கொடுத்திருக்காரு. முன்னால போன கார்ல நடந்தது இவருக்கு எப்படித் தெரியும்? தன் கால்ல உணர்ந்ததை அவர் தலையில கட்டிட்டாரு. உங்க தம்பி பிரேக் பிடிச்சு வேகம் குறைஞ்சாரு. ஒட்டிக்கிட்டே வந்த இவர் கார்லதான் பந்தய பேட், ஆறிக் கிடந்ததால பிரேக் பிடிக்கலை. இடிச்சுச் சுவத்துல தள்ளிட்டாரு."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, மச்சினன் பாய்ந்து புது பம்பரைக் கழற்றினான். பின்னால் ரேடியேட்டர் இடுக்கில் சிவப்பாக ஒரு துண்டு குத்தியிருந்தது. செத்தவர் காரின் பின்விளக்குச் சில்லு.

ஜாக்கிக் கம்பி வீசுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. மச்சினனின் கன்னம் கிழிந்து இரண்டு பற்கள் தரையில் தெறித்தன. சிநேகிதன் இரண்டாம் முறை ஓங்குவதற்குள் அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடி மோதினான். மூக்கெலும்பு உடைந்து முகமெல்லாம் ரத்தமானது.

"வேணும்னு இடிக்கலை! பயந்துட்டேன்!" என்று சிநேகிதன் அலறினான்.

"பயந்தவன் எதுக்குடா அந்த மெக்கானிக் கையைப் பிடிச்சுக் கல்லுல வச்சே?" என்று கேட்ட அண்ணன், அந்தக் கேள்வி தன்னையும் சேர்த்துச் சுட்டதை உணர்ந்து கையை எடுத்தான். இன்ஸ்பெக்டர் சிநேகிதனுக்கு விலங்கு மாட்டினார்.

அண்ணன் திரும்பி மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தான். நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என் கால்ல விழுந்து என்ன ஆகப்போகுது? வலது கை விரல் அஞ்சும் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இடது கை நடுக்கத்துல ஸ்பூன்கூட நிக்கலை. இனி அவருக்கு யாராவது சோறு ஊட்டணும். இன்னிக்கி நீங்க வந்து ஊட்டுங்க."

"என் கையால ஊட்டினா சாப்பிடுவாராம்மா?"

"பசிக்குதுல்ல," என்றாள் அவள். "சாப்பிடுவாரு."